கேள்வி பதினொன்று

செதூபல் மருத்துவமனை, இரண்டாம் தளம்,
ஜன்னலில்லாத அறை.
என் வேலை கூட்டுவது.
இருபத்திரண்டு கேள்விகள், கேள்விக்கு ஐந்து கட்டம்,
சர்க்கரை நோயோடு வாழும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதற்கு
ஆளுக்கொரு எண் வேண்டும் என்றார்கள்.
வியாழனுக்குள் தருகிறேன் என்றேன்.

பெரும்பாலானவர்கள் தொந்தரவு தராதவர்கள்.
எதைக் கேட்டாலும் நடுக்கட்டம்.
மூன்று, மூன்று, மூன்று,
ஒரு கை கோட்டுக்குள் நுழைந்தபடியே
மறு கை போட்ட குறிகள்.

நூற்று நாற்பத்தேழாம் படிவத்தில் மட்டும்
மீன் வாடை.
பின்னடித்த மூலையில் ஒரு செதில்,
காய்ந்து, கண்ணாடிபோல.

உறக்கம் எப்படி?
'இரண்டரைக்கு எழுகிறேன். நோயால் இல்லை, ஏலத்துக்கு.'

துணையோடு நெருக்கம்?
'அவன் பிரான்சில் லாரி ஓட்டுகிறான்.
கேள்வியை அங்கே அனுப்புங்கள்.'

விரும்பியதை உண்ண முடிகிறதா?
'சுட்ட மத்தியை ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தின்போம்.
மீன் சரி, ரொட்டி கூடாது என்கிறார் டாக்டர்.
ஜூன் மாதத்தில் ரொட்டிதான் எங்களுக்குத் தட்டு.
அவர் வீட்டில் தட்டில்லாமலா சாப்பிடுகிறார்கள்?'

கேள்வி பதினொன்று:
பிறர் முன் ஊசி போட்டுக்கொள்வதில் சங்கடம் உண்டா?
ஐந்து கட்டமும் காலி.
எழுத்து ஓரத்தில் இறங்கி,
அடியில் வளைந்து,
தாளின் முதுகுக்குப் போய்விட்டது:
'சந்தைக் கழிவறையில் விளக்கு எரிவதில்லை.
கைபேசியைப் பல்லால் கடித்துக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் சட்டையைத் தூக்குவேன்.
சரியாக அப்போது ஒருத்தி கதவைத் தட்டுவாள்.
ஆயிற்றா, டியோலிண்டா?
ஆகவில்லை.
பதினாறு வருடமாக ஆகவில்லை.'

கணினி ஒன்றிலிருந்து ஐந்துவரைதான் வாங்கும்.
பதில் இல்லையென்றால் ஒன்பது போடவேண்டும்.
போட்டேன்.
அழித்தேன்.
தாளோடு கீழே இறங்கிப் போனேன்.

செவிலியர் ஒதீலியா இருபக்கமும் படித்தாள்.
'எத்தனை அடி நடக்கிறாய், என்ன தின்றாய்,
பாதத்தில் புண் உண்டா,
எல்லாம் கேட்டிருக்கிறேன் இவளிடம்.
விளக்கு எரிகிறதா என்று கேட்டதில்லை.'

நகராட்சிக்குத் தொலைபேசினாள்.
மூன்று வாரம் இசை கேட்டாள்.
பிறகு ஒரு விடுப்பு நாளில்
கணவாய் வாங்கப் போனவள்
கைப்பையிலிருந்து குமிழ் விளக்கை எடுத்து
மீன்கூடையைக் கவிழ்த்து ஏறி நின்று
தானே மாட்டினாள்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் சுற்று.
நூற்று நாற்பத்தேழுக்கு முன்பைவிட
இரண்டு மதிப்பெண் குறைவு.
மறுபடி கூட்டினேன். குறைவுதான்.
முழங்கால் வலி ஒன்றைத் தின்றிருந்தது.
மற்றது உறக்கம்:
'பிரான்சிலிருந்து வந்துவிட்டான். குறட்டை.'

பதினொன்றில் இம்முறை ஒரு கட்டம் நிரம்பியிருந்தது.
சங்கடம் சிறிதும் இல்லை.
ஓரத்தில்:
'வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தேன்,
அந்த இடம் அவ்வளவு அழுக்கு.
இனி அங்கே ஊசியா?
தராசுக்குப் பின்னால் நின்று போட்டுக்கொள்கிறேன்.
முதல் நாள் எதிர்க்கடை பெலிஸ்மினா
கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.
மறுநாள் தன் ஊசியை எடுத்து வந்தாள்.
ஒன்பது வருடம் எதிரெதிரே நின்றிருக்கிறோம்.'

அறிக்கையில் அவள் சரிந்தவர்களின் பட்டியலில் இருக்கிறாள்.
நான்தான் சேர்த்தேன், கணக்கு அப்படி.
அட்டவணையின் கடைசியில்
'ஓரம்' என்று ஒரு நிரல் திறந்திருந்தேன்.
எழுத்தை எப்படிச் சராசரி எடுப்பது,
நீக்கிவிடு என்றார் பேராசிரியர்.
நீக்கவில்லை. மறைத்து வைத்திருக்கிறேன்,
ஒரு சொடுக்கில் விரியும்.

ரொட்டியைப் பற்றியும் எழுதியிருந்தாள்:
'இந்த ஜூனில் மீனைத் தின்றுவிட்டு
ரொட்டியைப் பூனைக்குப் போட்டேன்.
பாதியை.'